ஃபோர்ட் கெனிங் குன்று: கோட்டை எங்கே, கதை எங்கே?

குன்றேறி:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு பாழடைந்த கோட்டையைக் காட்டியே தீர வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. மகன் தொடக்கநிலை நான்கு, மகள் உயர்நிலை ஒன்று. அவனுக்குப் பூதம் வேண்டும். அவளுக்குப் படம் எடுக்க நல்ல சுவர் வேண்டும். எனக்கு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்ப வேண்டும். சிங்கப்பூரின் ஃபோர்ட் கெனிங் குன்றுக்குப் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. ஆனால் போய் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சுழல் படிக்கட்டின் அடியில் நின்று மரத்தை அண்ணாந்து பார்க்கும் படத்தைத்தான் போடுகிறார்கள். கோட்டையை ஒருவரும் காட்டவில்லை. அங்கே கோட்டை இருக்கிறதா இல்லையா? இருந்தால், பிள்ளைகளிடம் சொல்லும்படி கதை ஏதாவது உண்டா?

செஞ்சிக்காரன்:
அண்ணே, ஏமாந்துபோகாதீர்கள். நான் செஞ்சிக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில் அது. ராஜகிரி உச்சிக்கு ஏறி இறங்கினால் மறுநாள் முழங்கால் பேசும். தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். அவனுக்கும் அவன் குதிரைக்கும் அவனுடைய முஸ்லிம் நண்பனுக்கும் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் விடிய விடியப் பாட்டு உண்டு.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வேலைக்கு வந்தவனை, "வா, கோட்டை பார்க்கலாம்" என்று நண்பர்கள் ஃபோர்ட் கெனிங்குக்கு அழைத்துப் போனார்கள். ஒரு வாசல், கொஞ்சம் மதில், இரண்டு பீரங்கி. முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் வேலி போட்ட தண்ணீர்த் தேக்கம். மாமல்லபுரம் பார்க்கக் கிளம்பி டோல்கேட்டோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பழைய வாத்தியார்:
செஞ்சித் தம்பி சொல்வதில் பாதி உண்மை. நான் மாணவர்களை வரிசையாக அழைத்துக்கொண்டு அந்தக் குன்றில் ஏறி இறங்கியே ஓய்வுபெற்றவன். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

கோட்டைக் கட்டுமானம் 1859இல் தொடங்கியது. கட்டியவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காலியர். கடலோரத்தில் இருக்கும் காலியர் கீ அவர் பெயரால் வந்ததுதான். 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி இங்கே வந்து சேர்ந்ததும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஊரில் கலவரம் வந்தால் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும். கடல் வழியாக வரும் எதிரிக்கு மட்டுமல்ல, நம் ஆட்களுக்கும் பயந்துதான் அதைக் கட்டினார்கள். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கெனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

கட்டி முடித்த பிறகுதான் கூத்து. குன்று கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. எதிரிக் கப்பலைச் சுட்டால் குண்டு ஊரின் தலைக்கு மேல் பறந்து போக வேண்டும். எதிரி திருப்பிச் சுட்டாலோ, குறி தவறிய குண்டெல்லாம் ஊருக்குள் விழும். முற்றுகை வந்தால் குடிக்கப் போதுமான தண்ணீரும் இல்லை. அந்தப் பீரங்கிகள் எந்த எதிரியையும் சுட்டதில்லை. ஊருக்கு நேரம் அறிவிக்க முழங்கியதோடு சரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோட்டையின் இடத்தில் ஊருக்கே தண்ணீர் தரும் நீர்த்தேக்கம் 1929இல் வந்தது. இதைவிடப் பொருத்தமான முடிவு அதற்குக் கிடைத்திருக்காது.

ஆகவே குன்றேறி தம்பி, வாசலுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும். சரிவில் ஒளிந்திருக்கும் சிறு வழியைக் காட்டாமல் மட்டும் விடாதீர்கள். முற்றுகையின்போது வீரர்கள் யாருக்கும் தெரியாமல் வெளியேறுவதற்காக வைத்த இரகசிய வாயில் அது. மகனுக்குப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு கோட்டையை மறந்துவிட்டுக் குன்றைப் பாருங்கள். 1819இல் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது மலாய்க்காரர்கள் இந்தக் குன்றில் ஏற மறுத்தார்கள். புக்கிட் லாராங்கான், அதாவது யாரும் ஏறக்கூடாத குன்று என்று பெயர். பழைய மன்னர்களின் அரண்மனை அங்கே இருந்தது. இன்றும் மேலே ஆயிரம் பேர் கூச்சலிடுவதுபோலவும் மேளம் கொட்டுவதுபோலவும் சத்தம் கேட்கும் என்றார்களாம். பிரிட்டிஷ் அதிகாரி ஃபார்குவார் மலாக்காவிலிருந்து வந்த ஆட்களைக்கொண்டு பீரங்கி ஒன்றை மேலே இழுத்துப் போய் வெடிக்கவைத்துக் கொடியேற்றினார் என்று மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதிவைத்திருக்கிறார். பேயை விரட்டப் பீரங்கி! அந்த முன்ஷி தமிழும் கற்றவர் என்பது கொசுறுச் செய்தி.

ஈசூன் அம்மா:
வாத்தியார் ஐயா கதை சொல்லிக்கொண்டிருக்கட்டும், நான் காரியத்தைச் சொல்கிறேன். டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கமாக ஏறினால் அந்தச் சுழல் படிக்கட்டு மரச் சுரங்கத்துப் படப்பிடிப்பு வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். வார இறுதியில் அங்கே நின்றால் காலைப்பொழுது அதிலேயே போய்விடும். ஃபோர்ட் கெனிங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி அந்தப் பக்கமாக ஏறுங்கள். கொசு மருந்து, குடை, மாற்றுச் சட்டை கட்டாயம். நிழல் இருக்கிறது என்று நம்பி ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பாதீர்கள். படி ஏறும்போது வேர்த்துக் கொட்டும்.

இன்னொன்று. மேலே பழைய மன்னர் இஸ்கந்தர் ஷாவின் சமாதி என்று மக்கள் வணங்கும் கெராமத் இருக்கிறது. மரத் தூண்களும் கூரையும் உள்ள திறந்த மண்டபம். அங்கே வேண்டிக்கொள்ள வருபவர்கள் இருப்பார்கள். நாங்கள் போனபோது ஒரு மலாய்ப் பெரியவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சில இளைஞர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

தேக்கா வாசி:
வெள்ளைக்காரன் கட்டிய கோட்டையையே எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்பது? 1025இல் இராஜேந்திர சோழனின் கப்பற்படை இந்தக் கடலில் வந்தது. கடாரம் விழுந்தது, ஸ்ரீவிஜயம் விழுந்தது. வழியில் இருக்கும் துமாசிக்கை, அதாவது பழைய சிங்கப்பூரை மட்டும் பார்க்காமலா போனான்? மலாய் வரலாற்று நூலே சொல்கிறதே, ராஜா சூலன் துமாசிக்கிற்கு வந்தான் என்று. சூலன் யார், சோழன்தானே! சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த கல்வெட்டில் "கேசரிவ" என்ற எழுத்துகள் தெரிகின்றன, அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டமாக இருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வாளரே எழுதினார். பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: அந்தக் குன்றின் முதல் கோட்டை நம் பாட்டன் கோட்டை.

அரும்பு:
தேக்கா அண்ணன், நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். தஞ்சைக் கல்வெட்டில் இராஜேந்திரன் வென்ற இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம் என்று போய்க் கடாரத்தில் முடியும். துமாசிக் அந்தப் பட்டியலில் இல்லை. வென்ற ஊரைச் சொல்லாமல் விடும் பழக்கம் எந்த மெய்க்கீர்த்திக்கும் கிடையாது!

கல் விஷயம். அது மூன்று மீட்டர் உயரமும் அகலமும் இருந்த பாறை; ஐம்பது வரிகள் அளவுக்கு எழுத்து இருந்தது. அதை 1843இல் ஆங்கிலேயர்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், ஆற்று வாயை அகலப்படுத்தவும் ஃபோர்ட் ஃபுல்லர்ட்டனுக்கு இடம் பண்ணவும். மிஞ்சிய ஒரு துண்டுதான் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை முழுமையாக வாசித்தவர் எவரும் இல்லை. "கேசரிவ" என்பது ஒரு வாசிப்பு, அவ்வளவுதான். அந்தத் துண்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்துகள் வட்டவட்டமாக, மழையில் கரைந்த கோலம்போல இருக்கின்றன. அதில் யாருக்கு என்ன தெரிய வேண்டுமோ அது தெரியும்.

குன்றில் அரண்மனை இருந்ததற்கு வேறு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி கிராஃபர்டு அங்கே செங்கல் அடித்தளங்களையும், மரத் தூண் நிறுத்தத் துளையிட்ட கற்களையும், சோங் காலத்துச் சீனக் காசுகளையும் பார்த்து எழுதினார். ஊரின் எல்லையில் மண் மதில் ஒன்றும் அப்போது இருந்தது. இன்றைய ஸ்டாம்ஃபோர்டு சாலைப் பக்கம். 1984இல் கெராமத்தை ஒட்டி அகழ்ந்தபோது 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வாத்தியார் ஐயா சொன்ன அதே நீர்த்தேக்கத்துக்குத் தோண்டும்போது, 1920களில், தொழிலாளர்கள் கையில் தங்க நகைகள் சிக்கின. அவற்றில் ஒரு தோள்வளை. நடுவில் பிதுங்கிய கண்ணும் பல்லுமாகக் காலன் முகம். நம் கோயில் திருவாசி உச்சியில் இருக்கும் கீர்த்திமுகத்துக்கு உடன்பிறப்பு. ஆனால் வேலைப்பாடு ஜாவாவைச் சேர்ந்தது, சோழருடையது அல்ல.

தேக்கா வாசி:
பட்டியலில் இல்லை என்பதால் வரவே இல்லை என்று ஆகிவிடுமா? ராஜா சூலன் கதைக்கு என்ன பதில்? மலாய்க்காரர்கள் நம் மீதுள்ள பிரியத்திலா எழுதினார்கள்?

பழைய வாத்தியார்:
தம்பி, அந்தக் கதையை நீங்கள் முழுக்கப் படித்தீர்களா என்று எனக்குச் சந்தேகம். முழுக்கப் படித்தவர் அதைப் பெருமைக்கு எடுக்கமாட்டார். சொல்கிறேன், கேளுங்கள்.

கலிங்க நாட்டு (மலாய்க்காரர் வழக்கில் தென்னிந்தியா) அரசன் ராஜா சூலன் சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு புறப்பட்டுத் துமாசிக் வரை வந்துவிட்டான். சீனச் சக்கரவர்த்திக்குக் கலக்கம். அவர் என்ன செய்தார்? ஒரு கப்பலில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளை நிரப்பினார். காய்த்துக் குலுங்கும் மரங்களைக் கப்பலிலேயே நட்டார். பல் போன கிழவர்களாகப் பார்த்து ஏற்றி அனுப்பினார். கப்பல் துமாசிக் வந்தது. "சீனா இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று சூலனின் ஆட்கள் கேட்டார்கள். கிழவர்கள் சொன்னார்கள்: "நாங்கள் புறப்பட்டபோது பன்னிரண்டு வயதுப் பையன்கள். இந்த மரங்களை விதையாகப் போட்டோம். இந்த ஊசிகள் அப்போது கை மொத்தத்துக்கு இரும்புக் கம்பிகள். வழியிலேயே தேய்ந்து இப்படி ஆகிவிட்டன." ராஜா சூலன் கணக்குப் போட்டுப் பார்த்தான். போய்ச் சேரும் வயது நமக்கு இல்லை என்று படையைத் திருப்பிக்கொண்டான்!

இதுதான் தம்பி, துமாசிக்கிற்கு வந்த சோழனின் கதை. கோட்டை கட்டவில்லை. ஊசியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனான்.

அடுத்து பாடாங் கதையை எடுங்கள். பாடாங் ஓர் அடிமை. அவன் போட்ட வலையில் விழும் மீனை ஓர் ஆற்றுப் பூதம் தின்றுவந்தது. அதன் தாடியைப் பிடித்து மடக்கி, அது கக்கியதைத் தின்று அசுர பலம் பெற்றான். குன்றேறி தம்பி, உங்கள் மகனுக்கு வேண்டிய பூதம் இதுதான். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் சொல்லாதீர்கள். அவன் புகழைக் கேட்டுக் கலிங்க மன்னன் தன் மல்லனை ஏழு கப்பல்களோடு அனுப்பிவைத்தான். அரண்மனை முன்னால் கிடந்த பெரும் பாறையைத் தூக்குவதுதான் போட்டி. நம் மல்லன் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டான். பாடாங் அதைச் சுழற்றி வீசினான். ஆற்று முகத்துவாரத்தில் போய் விழுந்தது. அந்தப் பாறைதான் நீங்கள் சோழன் பெயரைத் தேடும் அதே கல் என்று மக்கள் நம்பினார்கள்.

இரண்டு கதையிலும் தோற்றுப்போகிறவர் நம் ஆள். ஆனால் அதே நூல் என்ன செய்கிறது பாருங்கள். ராஜா சூலன் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் போகிறான். அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். அந்த வழியில் வந்த பிள்ளைதான் ஸ்ரீ திரி புவனா, அதாவது சாங் நீல உத்தமா. சிங்கத்தைப் பார்த்துச் சிங்கப்பூருக்குப் பெயர் வைத்தவன். வம்சத்துக்கு மூத்தவனாக நம்மை வைக்கிறார்கள். போட்டியில் நம்மைத் தோற்கடிக்கிறார்கள். 1612இல் ஜொகூர் அரசவையில் உட்கார்ந்து இதைத் தொகுத்தவர்களுக்கு இராஜேந்திரனின் படையெடுப்பு ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு பழைய சங்கதி. அவர்கள் நினைவில் தென்னாட்டான் எப்படித் தங்கியிருந்தான் என்பதற்கு இந்தக் கதை சாட்சி. மாமனார் வீட்டு ஆள் மாதிரி: மரியாதையும் உண்டு, கிண்டலும் உண்டு. கோட்டை கட்டிய பெருமையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செஞ்சிக்காரன்:
ஐயா, ஊசிக் கதையைக் கேட்டு இங்கே அறையில் எல்லாரும் சிரித்துவிட்டோம். சரி, அந்தப் பழைய அரண்மனை எப்படி அழிந்தது? எங்கள் ஊரில் கோட்டை விழுந்த கதைதான் முக்கியம். ஆண்ட கதையை யார் கேட்கிறார்கள்?

அரும்பு:
அதையும் அதே நூல் சொல்கிறது. கடைசி மன்னன் இஸ்கந்தர் ஷாவின் கருவூல அதிகாரி சாங் ராஜுனா தாப்பா. அவருடைய மகள் மன்னனின் காமக்கிழத்தி. மற்ற பெண்கள் பொறாமையில் அவள்மீது பழி சொல்ல, மன்னன் விசாரிக்காமலே அவளைச் சந்தைவெளியில் கழுவேற்றினான். "குற்றம் இருந்தால் கொல்லட்டும், இப்படி மானத்தை வாங்க வேண்டுமா?" என்று அப்பனுக்கு நெஞ்சு வெந்தது. ஜாவாவின் மஜாபாகித் பேரரசுக்கு ஆள் அனுப்பினார். படை வந்தது. மன்னன் வீரர்களுக்கு அரிசி கொடுக்கச் சொன்னபோது, களஞ்சியத்தில் அரிசி தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னார். விடியற்காலையில் வாசலைத் திறந்துவிட்டார். இரத்தம் வெள்ளமாக ஓடியது. சிங்கப்பூரின் செம்மண்ணுக்கு நிறம் தந்தது அந்த இரத்தம்தான் என்கிறது கதை. பிறகு களஞ்சியம் சரிந்தது, அரிசி மண்ணானது, ராஜுனா தாப்பாவும் மனைவியும் அகழியில் கல்லாகிப்போனார்கள்.

இஸ்கந்தர் ஷா தப்பி ஓடி மலாக்காவை நிறுவியதாக அந்த நூலே சொல்கிறது. ஆகவே குன்றின் மேல் இருக்கும் கெராமத் அவருடைய சமாதியாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனாலும் 1822இல் கிராஃபர்டு போனபோதே அதை அவர் பெயரால்தான் மக்கள் வணங்கிக்கொண்டிருந்தார்கள்.

செஞ்சிக்காரன்:
நீதி தவறிய ராஜா, பெற்ற மனம் கொதித்த தகப்பன், உள்ளிருந்து திறந்த கதவு! இதைத் தெருக்கூத்தில் வைத்தால் கூட்டம் எழுந்து போகாது. கண்ணகி மதுரையை எரித்தாள், இவர் வாசலைத் திறந்துவிட்டார். வாசலும் பீரங்கியும் பார்த்துத் திட்டிக்கொண்டு இறங்கியவனிடம் இதை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் மேலே இருந்திருப்பேன். ஆனால் ஐயா, வாள்மீன் கதையிலும் ராஜா அநியாயக்காரன்தானே? வாள்மீன்கள் கரைக்கு வந்து ஆட்களைத் தாக்கியபோது வாழைத் தண்டை அரணாக நடச் சொல்லி ஊரைக் காப்பாற்றிய சிறுவனையே கொன்றுவிட்டானாமே.

ஈசூன் அம்மா:
ஆமாம், புக்கிட் மேரா கதை. அது இங்கே பாலர் பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். என் மகள் கேட்டாள், "புத்திசாலியாக இருந்தால் கொன்றுவிடுவார்களா, அம்மா?" என்று. தேர்வு நேரத்தில் கேட்கிற கேள்வியா அது!

குன்றேறி, கழுவேற்றிய கதையைச் சின்னவனிடம் சொல்ல வேண்டாம். பெரியவளிடம் சொல்லலாம், அவளுக்குப் புரியும்.

பேராக் பேத்தி:
பாழடைந்த கோட்டைதான் வேண்டும் என்றால் எல்லை தாண்டி மலேசியாவின் பேராக் வரை போய் வாருங்கள். என் அம்மா வழி ஊர் பத்து காஜா பக்கம். அங்கே கெல்லீஸ் மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டது. கட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். வேலை நடந்துகொண்டிருந்தபோது விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மாண்டார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால் நோய் தணியும் என்று கேட்டார்கள், அவரும் கட்டிக்கொடுத்தார். கோயிலின் மேலே தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைக்காரத் தோற்றத்தில் ஒரு சிலை நிற்கிறது. அது அவர்தான் என்பார்கள். 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை அப்படியே நின்றுவிட்டது. சுரங்கப் பாதை, மாடியில் நடமாடும் உருவம் என்று கதைகளுக்குக் குறைவில்லை. செங்கல் தெரியும் அந்தச் சுவர் உயர்நிலைப் பெண்ணின் படத்துக்கும் பொருத்தம்.

நெறியாளர்:
கெல்லீஸ் மாளிகைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், பயண விவரங்களை அங்கே தொடருங்கள். தேக்கா வாசி, மற்றவர்களைத் தனிப்பட்ட முறையில் தாக்கிய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். கருத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

குன்றேறி:
எல்லாருக்கும் நன்றி. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. முதலில் குன்று. வாசல், இரகசிய வழி, பிறகு கெராமத். அங்கே சத்தம் போடாமல் நின்றுவிட்டு இறங்க வேண்டும். அடிவாரத்தில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தேசிய அரும்பொருளகம். கல் துண்டின் முன்னால் பாடாங் கதை, தோள்வளையின் முன்னால் ராஜுனா தாப்பா கதை. அந்தக் கோயிலும் கோட்டையும் ஒரே 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பதை இப்போதுதான் கவனித்தேன். கோட்டைக்கு இன்று ஒரு வாசல் மட்டும் மிச்சம். கோயிலுக்கோ தைப்பூசத்தன்று தேக்காவிலிருந்து காவடி வரிசை வருகிறது.

மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பும் திட்டம் போய்விட்டது என்று மனைவி சொல்கிறார்.

தேக்கா வாசி:
வாத்தியார் ஐயா, ஊசிக் கதையை நான் முழுக்கப் படிக்கவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். படித்திருக்கிறேன். தோற்றதாக எழுதியிருந்தாலும் வந்ததாக எழுதியிருக்கிறார்கள் அல்லவா? வராதவனை யாரும் ஏமாற்ற முடியாது. "கேசரிவ"வை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கல்லின் முன்னால் வைத்தே பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அரும்பொருளக வாசலில் நிற்கிறேன். அரும்புத் தங்கையும் வரட்டும்.

பழைய வாத்தியார்:
"வராதவனை ஏமாற்ற முடியாது" என்பது நல்ல வாதம். தவறான வாதம், ஆனாலும் நல்ல வாதம். ஞாயிறு பேத்தியை நடன வகுப்புக்கு அழைத்துப் போக வேண்டும். சனிக்கிழமையாக இருந்தால் வருகிறேன். முதியவர்களுக்கான சலுகை அட்டையை எடுத்து வருவேன். டிக்கெட்டுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அரும்பு:
சனிக்கிழமை எனக்கும் சரி. தஞ்சைக் கல்வெட்டின் பாடத்தை அச்செடுத்து வருகிறேன்.